ஃபார்மட் அடிக்கிறதுக்கு முன்னாடி ஈடிசியைத் திறங்க

லினக்ஸ்ல ஏதாவது ஒண்ணு மக்கர் பண்ணா நம்ம ஹாஸ்டல்ல கிடைக்கிற வைத்தியம் ஒண்ணே ஒண்ணுதான்: "ஃபார்மட் அடிச்சிடு மச்சான்." வைஃபை வரலையா, ஃபார்மட். தமிழ் கீபோர்டு காணாமப் போச்சா, ஃபார்மட். சவுண்ட் ஹெட்ஃபோனுக்குப் போகாம ஸ்பீக்கர்லயே அலறுதா, அதுக்கும் ஃபார்மட். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதைதான். ஒரே லேப்டாப்பை செமஸ்டருக்கு ஒரு தடவை ஃபார்மட் பண்றவங்க நம்ம செட்லயே இருக்காங்க. அவங்களை நான் குறை சொல்லலை. எந்த ஃபைல்ல எதை மாத்தினோம்னு தெரியாதப்போ வேற வழி என்ன இருக்கு?

ஆனா லினக்ஸ்ல அது தெரியாம இருக்கணும்னு அவசியமே இல்லை. விண்டோஸ்ல ரெஜிஸ்ட்ரினு ஒரு பெரிய பைனரி கிடங்கு இருக்கு, அதைத் திறந்து படிக்கவே தனியா ஒரு புரோகிராம் வேணும். லினக்ஸ்ல பெரும்பாலான செட்டிங் வெறும் டெக்ஸ்ட் ஃபைல். நானோ எடிட்டர்ல திறந்து படிக்கலாம், கிரெப் போட்டுத் தேடலாம், பென் டிரைவ்ல எடுத்துக்கிட்டு அடுத்த மெஷினுக்குப் போகலாம். இவ்வளவு வசதி கையில இருந்தும் நாம அதைக் குப்பை மாதிரி போட்டு வைக்கிறோம். அதுதான் என் ஆதங்கம். கான்ஃபிக் ஃபைலை ஒழுங்கா வைக்கிறது ஒரு சிஸ்டம் அட்மினோட வேலைனு தள்ளிவிடாம, நாம எல்லாரும் ஃபர்ஸ்ட் இயர்லயே கத்துக்க வேண்டிய விஷயம்னு சொல்லத்தான் இதை எழுதுறேன்.

முதல்ல அந்த ஃபோல்டரோட பேரே வேடிக்கை. ஈடிசினு நாம எழுத்து எழுத்தா சொல்றது "எட்செட்ரா"ங்கிற வார்த்தை. பழைய யூனிக்ஸ்ல வேற எந்த ஃபோல்டர்லயும் சேராததைப் போட்டு வைக்க வச்ச இடம். சுத்தத் தமிழ்ல சொன்னா "முதலியன", வீட்டுப் பெரியவங்க பாஷையில "இத்யாதி". வீட்ல ஒரு டிராயர் இருக்குமே, பழைய சாவி, ரப்பர் பேண்ட், கரண்ட் பில், மாத்திரை அட்டை எல்லாம் கிடக்கும், அந்த டிராயர். அதுக்கு அப்புறம்தான் ஒழுங்கு வந்துச்சு. 1994 பிப்ரவரியில லினக்ஸ்காரங்க எந்த ஃபோல்டர்ல என்ன இருக்கணும்னு ஒரு விதித்தொகுப்பு எழுதினாங்க. அதுவே பின்னாடி ஃபைல்சிஸ்டம் ஹையரார்க்கி ஸ்டாண்டர்டுனு ஆச்சு, 2015-ல 3.0 பதிப்பு வந்துச்சு. அதன்படி ஈடிசியில இந்த ஒரு மெஷினுக்கு மட்டும் உரிய செட்டிங்தான் இருக்கணும், ஓடுற பைனரி புரோகிராம் எதுவும் இருக்கக் கூடாது.

இதை நான் என் வசதிக்கு மூணு குரலா நினைச்சுக்குவேன். யூஎஸ்ஆர் ஃபோல்டருக்குள்ள இருக்கிறது சாஃப்ட்வேர் செஞ்சவங்க சொன்னது. ஈடிசியில இருக்கிறது இந்த மெஷினோட ஓனர் சொன்னது. ஹோம் ஃபோல்டர்ல புள்ளி வச்ச பேரோட ஒளிஞ்சிருக்கிறது நான் சொன்னது. சிஸ்டம்டியில இது அப்படியே பொருந்தும்: யூஎஸ்ஆர் லிப்ல இருக்கிற சர்வீஸ் ஃபைலைத் தொடவே கூடாது, ஈடிசியில அதே பேர்ல ஒரு ஃபோல்டர் போட்டு, மாத்த வேண்டிய ரெண்டு வரியை மட்டும் அதுல எழுதினா போதும். "சிஸ்டம்சிடிஎல் எடிட்"னு அடிச்சா அந்த ஃபோல்டரை அதுவே உருவாக்கிக் கொடுத்துடும். இந்த மூணு குரலையும் கலக்காம இருந்தா பாதி ஃபார்மட் தேவைப்படாது.

புள்ளி வச்ச ஃபைல் கதை இன்னும் சுவாரசியம். யூனிக்ஸ் குழுவுல இருந்த ராப் பைக் 2012-ல எழுதின ஒரு குறிப்புல அது திட்டமிட்ட வசதியே இல்லை, விபத்துனு சொல்லியிருக்கார். ஃபோல்டர் லிஸ்ட் எடுக்கும்போது ஒற்றைப் புள்ளி, இரட்டைப் புள்ளிங்கிற ரெண்டு பேரும் வரக் கூடாதுனு, முதல் எழுத்து புள்ளியானு மட்டும் பார்த்து விட்டுட்டாங்க. குறுக்கு வழி. விளைவு, புள்ளியில ஆரம்பிக்கிற எல்லா ஃபைலும் கண்ணுக்குத் தெரியாமப் போச்சு, எல்லா சாஃப்ட்வேரும் ஹோம் ஃபோல்டர்ல இஷ்டத்துக்கு ஒரு புள்ளி ஃபைலைப் போட ஆரம்பிச்சது. 2003-ல எக்ஸ்டிஜினு ஒரு விதி வந்து, செட்டிங் எல்லாம் டாட் கான்ஃபிக், தற்காலிகக் குப்பை எல்லாம் டாட் கேஷ், மத்த டேட்டா டாட் லோக்கல்னு பிரிச்சது. இன்னமும் அதை மதிக்காத சாஃப்ட்வேர் நிறைய. உங்க ஹோம் ஃபோல்டர்ல ஒரு தடவை எல்எஸ் மைனஸ் ஏ போட்டுப் பாருங்க, யார் யார் மதிக்கலைனு தெரியும்.

அடுத்தது அஞ்சறைப்பெட்டி விஷயம். முன்னாடி எல்லா செட்டிங்கும் ஒரே நீளமான ஃபைல்ல இருக்கும். கடுகு, சீரகம், மிளகு, வெந்தயம் எல்லாத்தையும் ஒரே டப்பாவுல கொட்டின மாதிரி. இப்போ பெரும்பாலான இடத்துல "டாட் டி"னு முடியுற ஒரு ஃபோல்டர் கொடுத்திருக்காங்க. மெயின் ஃபைலை விட்டுடு, உன் மாற்றத்தைத் தனி சின்ன ஃபைலா இதுக்குள்ள போடுனு அர்த்தம். இது உண்மையிலேயே நல்ல ஏற்பாடு. ஒரு மாற்றம் பிடிக்கலைன்னா அந்த ஒரு ஃபைலைத் தூக்கிட்டா போதும், மத்தது எதுவும் அசையாது.

ஆனா இங்கதான் எனக்குக் கோபம் வரும். இந்த அறைகளுக்கு ஒரே விதி கிடையாது. சிஸ்டம்டிக்கு ஃபைல் பேரு டாட் கான்ஃப்னு முடியணும். ஆப்ட் ரெப்போவுக்கு டாட் லிஸ்ட் இல்லைன்னா டாட் சோர்சஸ்னு முடியணும். சூடோயர்ஸ் ஃபோல்டர்ல அப்படியே தலைகீழ்: பேருல ஒரு புள்ளி இருந்தாலே சூடோ அந்த ஃபைலைச் சத்தம் போடாமத் தாண்டிப் போயிடும். "லேப் டாட் கான்ஃப்"னு அழகா பேரு வச்சுட்டு பர்மிஷன் ஏன் வரலைனு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கலாம். டெபியன்ல தினசரி ஓட வேண்டிய கிரான் ஃபோல்டர்லயும் அதே கதை, "பேக்கப் டாட் எஸ்ஹெச்"னு வச்சா ஓடாது, வெறும் "பேக்கப்"னு வச்சா ஓடும்.

அதோட யார் பேச்சு செல்லும்ங்கிறதுலயும் குழப்பம். கெர்னல் செட்டிங்கான சிஸ்கண்ட்ரோல்ல ஃபைல் பேரை வரிசைப்படுத்திப் படிச்சு, கடைசியா சொன்னவன் ஜெயிப்பான். அதனாலதான் 99-ல ஆரம்பிக்கிற பேரு வைக்கிறாங்க. எஸ்எஸ்ஹெச் சர்வர்ல முதல்ல சொன்னவன் ஜெயிப்பான். உபுண்டுல அந்த மெயின் ஃபைலோட மேல் பக்கத்துலயே "டாட் டி ஃபோல்டரைப் படி"னு ஒரு வரி இருக்கு. அப்போ கீழே மெயின் ஃபைல்ல பாஸ்வேர்டு லாகின் வேண்டாம்னு எழுதினாலும், கிளவுட் மெஷின்ல ஏற்கெனவே போட்டிருக்கிற ஒரு குட்டி ஃபைல் வேணும்னு சொன்னா அதுதான் செல்லும். பூட்டிட்டோம்னு நினைச்சுக்கிட்டு தூங்கப் போவோம், கதவு திறந்தே கிடக்கும். நம்ம ஊர்ப் பேரையே அயோத்தியாப்பட்டணம், அயோத்தியாப்பட்டினம்னு ரெண்டு விதமா எழுதுறோம், ஆனா எப்படி எழுதினாலும் பஸ் கோதண்டராமர் கோயில் பக்கம் வந்து நின்னுடும். கம்ப்யூட்டர் அப்படி விட்டுக்கொடுக்காது. நாம மாத்துறதுக்கு முன்னாடி அந்த சாஃப்ட்வேரோட மேன் பேஜ்ல பேரு விதியும் வரிசை விதியும் படிச்சிடணும், இதுக்குக் குறுக்கு வழி இல்லை.

இன்னொரு வகை ஃபைல் இருக்கு, நம்மளோடது மாதிரி தெரியும், ஆனா நம்மளோடது இல்லை. கிரப் மெனு அதுக்கு நல்ல உதாரணம். பூட் ஃபோல்டருக்குள்ள இருக்கிற கிரப் ஃபைலை நேரடியா மாத்தினா அன்னைக்கு வேலை செய்யும், அடுத்த கெர்னல் அப்டேட்ல காணாமப் போயிடும். ஏன்னா அது மெஷினே எழுதுற ஃபைல். "இதைத் திருத்தாதே"னு முதல் வரியிலேயே எழுதியிருக்கும், முதல் வரியை யாரு படிக்கிறோம்? மாத்த வேண்டியது ஈடிசிக்குள்ள டிஃபால்ட் ஃபோல்டர்ல இருக்கிற கிரப் ஃபைல், அப்புறம் அப்டேட் கிரப். டிஎன்எஸ் எழுதுற ரிசால்வ் டாட் கான்ஃபும் இன்னைக்கு நிறைய சிஸ்டத்துல வேற எங்கேயோ இருக்கிற ஃபைலுக்கு ஒரு லிங்க் மட்டும்தான்.

அப்டேட் நடுவுல டெபியனும் உபுண்டும் ஒரு கேள்வி கேட்கும் பாருங்க: இந்த ஃபைலை நீ மாத்தியிருக்கே, புதுசா ஒண்ணு வந்திருக்கு, எதை வச்சுக்கட்டும்? அந்த இடத்துல முக்கால்வாசிப் பேர் எதையோ ஒண்ணை அமுக்கிட்டு நகர்ந்துடுறோம். உண்மையில அது ரொம்ப மரியாதையான கேள்வி. உன் எழுத்தை உன்னைக் கேட்காம அழிக்க மாட்டேன்னு ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்றது எவ்வளவு பெரிய விஷயம்! டி அமுக்கினா ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு காட்டும். பழசையே வச்சுக்கிட்டா புதுசு பக்கத்துலயே டிபிகேஜி டிஸ்ட்னு ஒரு வால் பேரோட இருக்கும். புதுசை எடுத்தா நம்ம பழசு டிபிகேஜி ஓல்டுங்கிற வாலோட இருக்கும். எதுவும் தொலைஞ்சு போகலை. இதைத் தெரிஞ்சுக்கிட்டா அந்தத் திரையைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை.

இதெல்லாம் ஹாஸ்டல் ரூம் பிரச்சினை மட்டும்னு நினைக்காதீங்க. நம்ம மாநிலமே இதுல ஒரு பாடம் பார்த்திருக்கு. 2007 வாக்குல உமாசங்கர் ஐஏஎஸ் எல்காட் நிர்வாக இயக்குநரா இருந்தப்போ அந்த நிறுவனம் சூசே லினக்ஸுக்கு மாறிச்சு. அதே 2007-ல சென்னை சி-டாக் டெபியனை வச்சு பாஸ் லினக்ஸை வெளியிட்டுச்சு, இந்திய மொழிகளுக்குனே. 2011-ல இலவச லேப்டாப் திட்டம் வந்தப்போ விண்டோஸோட பாஸும் சேர்ந்தே வந்துச்சு. நம்ம அண்ணன், அக்கா காலத்து லேப்டாப் அது. சேலம் பக்கம் எத்தனையோ வீட்ல இன்னும் பீரோ மேல கிடக்கும். அதுல பாஸைத் திறந்து பார்த்தவங்க எத்தனை பேருனு உங்க சொந்தக்காரங்களையே கேட்டுப் பாருங்க. எனக்குத் தெரிஞ்ச வீடுகள்ல எல்லாம் முதல் வேலையா கடையில கொடுத்து மொத்தத்தையும் அழிச்சு, கிராக் பண்ண விண்டோஸ் ஒண்ணை ஏத்திக்கிட்டாங்க.

இதுக்கு மைக்ரோசாஃப்டைத் திட்டுறவங்க இருக்காங்க, மாணவர்களைத் திட்டுறவங்களும் இருக்காங்க. என் பார்வை வேற. தமிழ் லோக்கேல், தமிழ் ஃபான்ட், தமிழ் கீபோர்டு, தமிழ் மெனுனு அந்த பாஸுக்குள்ள இருந்த நல்லது நிறைய செட்டிங் ரூபத்துலதான் இருந்துச்சு. மெஷினைக் கொடுத்தோம், அந்த செட்டிங் எங்க இருக்கு, கெட்டுப்போனா எப்படித் திரும்ப வரவைக்கிறதுனு யாருக்கும் சொல்லிக் கொடுக்கலை. ஒரு பிளஸ் டூ பையன் ஒரு தடவை கெடுத்துட்டா சரி பண்ண ஆள் இல்லை. அப்போ அவன் போறது தெருமுனை சர்வீஸ் கடைக்குத்தானே? கேரளாவுல பள்ளிக்கூடங்களுக்குனே ஒரு லினக்ஸ் செஞ்சு, அதோட ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் கொடுத்தாங்க. அங்கே அது இன்னும் ஓடிக்கிட்டு இருக்கு.

இந்தப் பத்திரிகைக்கு எழுதுற எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு தலைவலியையே எடுத்துக்குவோம். தமிழ்99 கீபோர்டு. 1999-ல அரசு தரமா அறிவிச்சது, லினக்ஸ்ல ஐபஸ்ஸும் எம்17என் பேக்கேஜும் போட்டா கிடைக்கும். ஆனா க்னோம் டெஸ்க்டாப்ல நாம சேர்க்கிற அந்த கீபோர்டு செட்டிங் டெக்ஸ்ட் ஃபைல்ல உட்காராது, டிகான்ஃப்ங்கிற பைனரி டேட்டாபேஸ்ல உட்காரும். ஆமா, ரெஜிஸ்ட்ரியைக் கிண்டல் பண்ணிட்டு நம்மாளுங்களும் ஒரு குட்டி ரெஜிஸ்ட்ரி செஞ்சு வச்சிருக்காங்க. நியாயமா பேசணும்னா இதையும் சொல்லணும். ஆனா இதுக்கு வழி இருக்கு. "டிகான்ஃப் டம்ப்"னு அடிச்சா எல்லாம் டெக்ஸ்டா வெளியே வரும், "டிகான்ஃப் லோட்" போட்டா உள்ளே போகும். லேப் மாதிரி இடத்துல இன்னும் சுலபம்: ஈடிசிக்குள்ள டிகான்ஃபுக்குனு ஒரு ஃபோல்டர் இருக்கு, அதுல யூசர் புரொஃபைல் ஒண்ணும், இன்புட் சோர்ஸ் வரி எழுதின சின்ன டெக்ஸ்ட் ஃபைல் ஒண்ணும் போட்டு "டிகான்ஃப் அப்டேட்" கொடுத்தா, தானா எதையும் மாத்தாத ஒவ்வொரு யூசருக்கும் தமிழ்99 தயாரா இருக்கும். சில வரிகள்தான். அதை ஆன்சிபிள் மூலமா மொத்த லேபுக்கும் ஒரே நேரத்துல அனுப்பலாம்.

நம்ம சிலபஸ் இதைப் பத்திப் பேசுதா? அண்ணா பல்கலைக்கழகத்தோட 2021 ரெகுலேஷன் ஓஎஸ் லேப் பட்டியலைப் பாருங்க. விண்டோஸ் இன்ஸ்டால் பண்றதுல ஆரம்பிக்குது, யூனிக்ஸ் கமாண்ட், ஷெல் புரோகிராமிங், ஷெட்யூலிங், பேங்கர்ஸ் அல்காரிதம், பேஜ் ரீப்ளேஸ்மெண்ட் எல்லாம் வருது, விஎம்வேர்ல லினக்ஸ் போடுறதும் இருக்கு. இதுல எதுவும் தேவையில்லாததுனு நான் சொல்ல வரலை. ஆனா இன்ஸ்டால் பண்ணத் தெரியும், இன்ஸ்டால் பண்ணதைப் பராமரிக்கத் தெரியாதுங்கிற நிலைமைக்கு அந்தப் பட்டியல் நம்மளைக் கொண்டுவந்து விடுது. ரெக்கார்டு நோட்டுல பேங்கர்ஸ் அல்காரிதம் அவுட்புட்டை ஒட்டுறவன், தன் மெஷின்ல ஹோஸ்ட்நேம் எந்த ஃபைல்ல இருக்குனு சொல்ல முடியாம நிக்கிறான். வைவாவுல ஒரே ஒரு கேள்வி கேட்டா போதும்: போன மாசத்துல இருந்து உன் ஈடிசியில என்ன மாறியிருக்கு?

இதுக்கு வர்ற பதிலும் எனக்குத் தெரியும். "எல்லாம் டாக்கர், எல்லாம் கிளவுட், இன்னும் எதுக்கு ஈடிசியைக் கட்டிக்கிட்டு அழுறே?" டாக்கர்ஃபைல் என்ன ஜாதகமா? அதுவும் ஒரு டெக்ஸ்ட் ஃபைல்ல எழுதின கான்ஃபிக்தான். அதுக்குள்ள எஞ்சின்எக்ஸ் செட்டிங்கை நாம காப்பி பண்ற இடம் இதே ஈடிசிதான். பேரு மாறியிருக்கு, இடம் மாறலை. இன்னொரு கூட்டம் நேரா நிக்ஸ்ஓஎஸ் போடச் சொல்லும். மொத்த சிஸ்டத்தையும் ஒரே மொழியில எழுதி வச்சு, அதுல இருந்து ஈடிசியையே உருவாக்குற யோசனை. எல்கோ டோல்ஸ்ட்ராவோட 2006 பிஹெச்டி ஆய்வுல இருந்து வளர்ந்தது, உண்மையிலேயே அழகான யோசனை. ஆனா டாட் டி ஃபோல்டர் என்னனு தெரியாத ஜூனியர்கிட்ட அதைக் கொடுக்கிறது, எல்போர்டு போடாதவனை நேரா ஏற்காடு கொண்டை ஊசி வளைவுல ஓட்டச் சொல்ற மாதிரி. டெர்மினலுக்கு ஊதா கலர் அடிச்சு ஸ்க்ரீன்ஷாட் போட்டுட்டு டாட்ஃபைல்ஸ் மேனேஜ் பண்றேன்னு சொல்றவங்களைப் பத்தி ஒண்ணும் சொல்லப்போறதில்லை. அதுவும் ஒரு ஆரம்பம்தான்னு வச்சுக்குவோம்.

நான் கேட்கிறது சின்ன விஷயம். ஈடிகீப்பர்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு, ஜோயி ஹெஸ் எழுதினது, ஆப்ட்லயே கிடைக்கும். போட்டதும் ஈடிசி முழுக்க ஒரு கிட் ரெப்போ ஆயிடும். ஒவ்வொரு தடவை பேக்கேஜ் ஏத்தும்போதும் இறக்கும்போதும் அதுவே கமிட் பண்ணிக்கும். நேத்து வரைக்கும் வேலை செஞ்ச வைஃபை இன்னைக்கு ஏன் வரலைனா கிட் லாக் பார்க்கலாம், கிட் டிஃப் பார்க்கலாம். கிட் தனியா கவனிக்காத ஃபைல் பர்மிஷனையும் ஓனரையும் அது குறிச்சு வச்சுக்கும். நாம கையால மாத்தினா கமிட் மெசேஜ்ல "ஃபிக்ஸ்"னு எழுதாம ஏன் மாத்தினோம்னு ஒரு வரி எழுதணும். தமிழ்லயே எழுதுங்க, யுடிஎஃப்-8 தாங்கும். ஹோம் ஃபோல்டர்ல இருக்கிறதுக்குத் தனியா ஒரு ரெப்போ போதும், குனு ஸ்டோ வச்சு லிங்க் போட்டுக்கலாம்.

லேபுக்கும் இதே வேண்டுகோள்தான். ஒவ்வொரு செமஸ்டர் ஆரம்பத்துலயும் மொத்த மெஷினுக்கும் ரீஇன்ஸ்டால் நடக்குது, ஒரு வாரம் போகுது. லேபோட ஈடிசி மாற்றங்களை மட்டும் ஒரு ரெப்போவுல வச்சா அடுத்த பேட்ச் அதைப் படிக்கலாம், திருத்தலாம், லேப் அட்மின் சார்கிட்ட காட்டி ஏத்தலாம். மினி புராஜெக்ட் தலைப்பு தேடி அலையுற தேர்ட் இயர் மக்கள் இதை எடுத்துக்கலாம், உண்மையா யாருக்காவது பயன்படுற புராஜெக்டா இருக்கும்.

ஒரே ஒரு எச்சரிக்கை, இதை ஆர்வத்துல விட்டுடாதீங்க. ஈடிசிக்குள்ள ஷேடோனு ஒரு ஃபைல் இருக்கு, எல்லாருடைய பாஸ்வேர்டு ஹாஷும் அதுலதான். எஸ்எஸ்ஹெச் ஹோஸ்ட் கீ அங்கேதான், வைஃபை பாஸ்வேர்டும் நெட்வொர்க் மேனேஜர் ஃபோல்டர்ல படிக்கிற மாதிரியே கிடக்கும். ஈடிகீப்பர் ரெப்போவை உங்க மெஷினோட நிறுத்திக்குங்க, கிட்ஹப்ல பப்ளிக்கா தள்ளிடாதீங்க. லேப் ரெப்போவுக்குப் பகிர வேண்டியதை மட்டும் தனியா பொறுக்கி எடுத்து வைங்க. ஒரு தடவை தள்ளிட்டா அடுத்த கமிட்ல அழிச்சாலும் ஹிஸ்டரியில இருக்கும், அப்போ எல்லா பாஸ்வேர்டையும் மாத்துறது தவிர வேற வேலை இருக்காது.